ஆயிரத்துக்கு ஏழு

"ஐயையோ, கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் பெய்துகொண்டிருந்த மழையே ஒரு கணம் திடுக்கிட்டிருக்கும்.

குன்றின் உச்சியில் ஒரு வெள்ளைக் கட்டடம். அதன் மொட்டை மாடியில் ஓர் உருண்டைக் கூண்டு, மூடி பாதியில் சிக்கி, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே தங்க முலாம் பூசிய கண்ணாடி. காலையிலிருந்து மாலை வரை சூரியனையே பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும் கண்ணாடி அது. தூசி பட்டால் ஆகாது, துளி பட்டால் ஆகாது, மனித விரல் பட்டால் சுத்தமாக ஆகாது. மழை வருகிற நேரம் பார்த்து மூடியின் மோட்டார் மக்கர் பண்ணியது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது, எவனோ ஒருவன் படியேறி ஓடி வந்தான். தன் கோட்டைக் கழற்றினான். கண்ணாடி மேல் போர்த்தினான். கோட்டு வழுக்கியது... அதைப் பிடிக்கக் கையை நீட்டினான்...

தங்கத்தின் மேல் ஐந்து விரல். அப்படியே அச்சாக.

"உதவி பண்ணலாம்னுதாங்க..."

"மழை பட்டா கறை. விரல் பட்டா எண்ணெய். நீங்க ரெண்டையும் சேத்து வெச்சிட்டீங்க!"

"அப்போ ஒண்ணு பண்ணுவோம். திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப மூடியைத் தள்ளுவோம்."

தள்ளினார்கள். நாலு கை சேர்ந்ததும் மூடி முனகிக்கொண்டே மூடிக்கொண்டது. அதற்கப்புறம்தான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழை அவன் புருவத்தில் சேர்ந்து, இமையில் சொட்டி, கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தையே பார்த்துப் பழகிய கண்கள்... பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் சுருங்கின. அந்தச் சுருக்கத்தில் அவளுக்கு என்னவோ ஆயிற்று. என்ன ஆயிற்று என்று அளக்க அவளிடம் கருவி இல்லை.

"யார் நீங்க?"

"பஸ் அடிவாரத்துல பழுதாயிடுச்சு. ஒதுங்க இடம் தேடினேன். மேல யாரோ ஒரு பந்தோட மல்லுக்கட்டறது தெரிஞ்சுது." அவன் சட்டையைப் பிழிந்தான். "எப்படியும் நாளன்னைக்கு இங்க வர வேண்டியவன்தான். பஸ்ல இல்ல, உங்க தலைக்கு மேல."

"விமானமா?"

"விமானமே நான் இல்லீங்க. அதுல காத்தை அளக்கறவன்."

ஆறு மாதமாகக் கடிதத்தில் சண்டை போட்ட ஆள்! 'தங்கள் கருவியின் நம்பகத்தன்மை குறித்து எமக்குச் சில ஐயங்கள்' என்று எழுதிய ஆள்! ஐம்பத்தைந்து வயசு, தொப்பை, மூக்குக் கண்ணாடி என்று அவள் மனசுக்குள் படம் போட்டுவைத்திருந்த ஆள்!

அவனும் அவளை அதிர்ச்சியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ... 'விமானத்திலிருந்து எட்டிப் பார்ப்பவர்களுக்குப் பொறுமை குறைவு'ன்னு எழுதினது நீங்களா? ரிட்டையர் ஆகப் போற அம்மான்னு நெனச்சேன்!"

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று படியிறங்கினாள். கடைசிப் படியில்தான் கவனித்தாள், தன் தோளில் கிடந்தது அவன் கோட்டு.

*

அவர்கள் வேலையைச் சொன்னால்தான் சண்டை புரியும்.

சூரிய வெளிச்சம் காற்றைத் தாண்டித்தான் தரைக்கு வருகிறது. வழியில் மீத்தேன் மாதிரியான வாயுக்கள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் கொறித்துக்கொள்ளும். எவ்வளவு கொறிக்கப்பட்டிருக்கிறது என்று குன்றின் மேலிருக்கும் அவளுடைய கருவி பார்க்கும். தலைக்கு மேல் மொத்தம் இவ்வளவு மீத்தேன் என்று சொல்லும். மொத்தக் காற்று எவ்வளவு என்பதைப் பக்கத்திலிருக்கும் காற்றழுத்தமானி, அதாவது பாரோமீட்டர், சொல்லும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கணக்கு முடிந்தது. பகல் முழுக்கச் சூரியனோடேயே திரும்புவதால் அந்த ஆய்வு நிலையத்தில் அவளுக்குச் 'சூரியகாந்தி' என்று பேர்.

அவன் வழி வேறு. விமானம் குன்றுக்கு நேர் மேலே போய், திருகாணி மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கும். ஒவ்வொரு உயரத்திலும் ஒரு குழாய் காற்றை உறிஞ்சி அளக்கும். கீழிருந்து அவள் பார்த்ததும் மேலிருந்து அவன் எடுத்ததும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இருவரில் ஒருவர் உளறுகிறார் என்று அர்த்தம்.

நிலையத்தின் டைரக்டருக்கு 'மைக்' என்று பேர். மூன்று பேர் கூடி நின்றால் போதும், அவர் பேச்சு தானாகவே மேடைத் தமிழுக்கு மாறிவிடும். குன்றின் அடிவாரத்தில் விருந்தினருக்கென்று ஒரு வரவேற்புக் கூடம் கட்டியிருந்தார். சுவரில் ஏழு புகைப்படம், அதில் ஐந்தில் அவர். நடுவில் விளக்குப் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு பாரோமீட்டர், கீழே பித்தளைப் பலகை: 'வானத்தின் நாடித்துடிப்பு'. உயிர்போன பழைய பாரோமீட்டர் அது, பார்வைக்கு மட்டும் என்பதுதான் எல்லோரும் அறிந்த விஷயம்.

இன்னொன்றும் எல்லோரும் அறிந்ததுதான். டைரக்டர் அவளுடைய பெரியப்பா. பத்து வயசிலிருந்து அவளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர். அடுத்த வாரம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது.

*

மூன்று நாள் வானம் பளிச்சென்றிருந்தது. மூன்று நாளும் விமானம் வந்தது. நடுப்பகலில் தலைக்கு மேலே ஒரு வெள்ளிப் பொட்டு... சுற்றி... சுற்றி... இறங்கும். அவள் கருவியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். 'தலை சுத்தாதா இந்த மனுஷனுக்கு?' என்று நினைத்தாள். 'சுத்தினா எனக்கென்ன?' என்றும் நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை இருவரும் எண்களை அருகருகே வைத்தார்கள்.

அவள் எண், அவன் எண்ணைவிட ஆயிரத்துக்கு ஏழு குறைவு.

கேட்பவர்களுக்கு இது ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம் என்பது போல. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஏழு!

"உங்க குழாய் ஒழுகுது," என்றாள் அவள்.

"உங்க கண்ணாடி தூங்குது," என்றான் அவன்.

டைரக்டர் உடனே தீர்ப்பு சொன்னார். நாலு பேர் இருந்ததால் மேடைத் தமிழில். "பத்தாண்டுகளாகப் பிழையறியாப் பெருமை கொண்டது இந்நிலையம்! பிழை வானூர்தியினுடையது. அல்லது, அந்த இளைஞரின் கைரேகையினுடையது!"

"சார், ரேகை வெளிச்சத்தைக் குறைக்கும். கணக்கை மாத்தாது," என்றாள் அவள். அவனுக்காகப் பேசிவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. காது சூடாயிற்று. அவன் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

ஆய்வுக்குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. தப்பு விமானத்தில் என்று முடிவானால் அளவீட்டின் பொறுப்பாளன் வேலை போய்விடும். பொறுப்பாளன் அவன்தான்.

ஆகவே இரண்டு நாள் அவர்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தர் கணக்கில் ஒருத்தர் ஓட்டை தேடினார்கள். விமானம் எட்டாத உயரத்துக்கு என்ன எண் போட்டான் என்று அவள் கேட்டாள். கருவி எந்த உயரத்தை எவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் என்று அவன் கேட்டான். கடிகாரம், வெயிலின் சாய்வு, குழாயின் ஈரம்... எல்லாம் சரி. எல்லாமே சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது.

"நீங்க சாப்பிட மாட்டீங்களா?" என்றாள்.

"நீங்க சாப்பிடப் போனா, அந்த நேரத்துல நம்பரை மாத்திட்டேன்னு சொல்லிடுவீங்களே."

"சொல்லுவேன்தான்."

"அதான் பசிக்கலை."

அவள் தன் டப்பாவை நடுவில் தள்ளினாள். அவன் எண்ணைப் பார்த்துக்கொண்டே பாதியைக் காலி செய்தான். மீதிப் பாதியை அவள் பக்கம் தள்ளினான், அளந்து வைத்தது போல.

"மூணு நாளும் ஏழுதான்," என்று அவன் முணுமுணுத்தான். "காத்து நாளுக்கு நாள் மாறுது. தப்பு மட்டும் மாறவே இல்ல. அப்போ தப்பு வானத்துல இல்ல... உங்க பாரோமீட்டர் வரைபடத்தைக் காட்டுங்க. ஒரு மாசத்துக்கு."

காட்டினாள். அலை அலையாக ஏறி இறங்கும் கோடு. அவன் இன்னும் பெரிதாக்கச் சொன்னான். கோட்டில் ஒரு சின்னப் பல். மறுநாளும் ஒரு பல். சரியாகக் காலை பத்து மணிக்கு.

"இது என்ன?"

"தெரியலையே... ஏதோ மின்சாரக் கோளாறா இருக்கும்னு விட்டிருப்போம்."

"ஞாயித்துக்கிழமை பல் இல்ல பாருங்க." அவன் விரல் திரையில் நின்றது. "வானத்துக்கு வாராவாரம் லீவு விடறது யாரு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பத்து மணி... ஞாயிறு தவிர... பத்து மணிக்குத்தான் டைரக்டர் வருவார். அவர் வந்தால் அடிவாரக் கூடத்தின் பெரிய கதவை இழுத்து மூடி ஏசியை முழு வேகத்தில் போடுவார்கள். அடைத்த கூடத்தில் காற்று ஒரு மயிரிழை அழுத்தமாகும்...

"வாங்க!" என்று அவள் எழுந்து ஓடினாள். படிகளில் அவன் இரண்டு முறை வழுக்கினான். இரண்டாம் முறை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். விட மறந்துவிட்டாள். கூடத்தின் கதவருகே வந்துதான் இருவருக்கும் அது தெரிந்து, சூட்டைத் தொட்டது போல விலகினார்கள்.

கண்ணாடிப் பெட்டியை அவள் திறந்தாள். பாரோமீட்டரைப் புரட்டி, அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். ஒரு தரம். இரண்டு தரம்.

எட்டு மாதத்துக்கு முன் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய புதிய பாரோமீட்டர். உயிரோடு இருப்பது. மாடிக்குப் போக வேண்டியது!

சத்தம் கேட்டு ஓடி வந்த நிலையத்து மெக்கானிக் அண்ணன் தலையைச் சொறிந்தார். "நீ லீவுல போயிருந்தம்மா. பழசு துருப்பிடிச்சுக் கிடக்கு, விருந்தாளிக்குப் பளபளன்னு இருக்கிறதை வைன்னு சார் சொன்னாரு. ஒயரை மேல வரைக்கும் இழுத்து விட்டேன். நம்பர் ஒழுங்காத்தானே வருது?"

நம்பர் ஒழுங்காகத்தான் வந்தது. அறுபது மீட்டர் கீழேயிருந்து. கீழே காற்று கனம். கனமான காற்றால் வகுத்தால் மீத்தேன் குறைவாகத் தெரியும். அறுபது மீட்டருக்கு எவ்வளவு என்று அவள் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள்.

ஆயிரத்துக்கு ஏழு.

மாடிப் பெட்டியில் எட்டு மாதமாகப் பழையதின் பிணம் காவல் காத்திருக்கிறது. உயிருள்ளது கீழே விளக்கு வெளிச்சத்தில் காட்சிக்கு உட்கார்ந்திருக்கிறது. அவள் தினமும் இரண்டையும் கடந்துதான் போனாள்.

அவன் ஜெயித்துவிட்டான். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தாள். அவன் பித்தளைப் பலகையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "உங்க பெரியப்பா..." என்று மட்டும் சொன்னான்.

*

சாயங்காலம் வீட்டில் பெரியப்பா அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். மேடைத் தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை.

"எட்டு மாசமும் தப்பா?"

"திருத்திடலாம் பெரியப்பா. ஆனா சொல்லணும். அந்தத் தப்புக் கணக்கை வெச்சு நாம வெளியிட்ட ரெண்டு கட்டுரையையும் வாபஸ் வாங்கணும்."

"ரெண்டுலயும் என் பேர்தாம்மா முதல்ல இருக்கு." அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்தார். பிறகு, "விருது முடியட்டுமே. ஒரே வாரம். அதுக்கப்புறம் சொல்லு."

"வெள்ளிக்கிழமை அவரோட வேலையைப் பறிச்சிடுவாங்க."

"அவன் யாரு உனக்கு?"

பதில் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற பெரியம்மாவிடமிருந்து வந்தது. "அந்தக் கண்ணாடிப் பெட்டியில நீங்களே போய் உக்காந்திருக்கலாம். பாரோமீட்டராவது தப்பிச்சிருக்கும்."

பெரியப்பா அதற்குக் கோபப்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. "நான் உனக்கு எதுக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கேனாம்மா?" என்றார். உண்மைதான். சொன்னதில்லை.

மறுநாள் அவனிடம் பெரியப்பா கேட்ட ஒரு வாரத்தைச் சொல்ல முடியாமல், "எனக்கு... கொஞ்சம் டைம் குடுங்க," என்றாள். கண் நிறைந்துவிட்டது. அவன் ஏனென்று கேட்கவில்லை. "சரிங்க," என்றான். அந்தச் 'சரிங்க'வில் ஏதோ சரியில்லை என்று அவளுக்கு அப்போது படவில்லை.

*

வெள்ளிக்கிழமை. கூட்ட அறையில் ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் ஒரு தாள் வைத்திருந்தார்கள். கடைசி இடத்தில் உட்கார்ந்து அவள் அதை எடுத்தாள்.

'விமானத்தின் உறிஞ்சு குழாயைப் பறப்பதற்கு முன் நான் சரிவரச் சோதிக்கவில்லை. வேறுபாட்டுக்கு அதுவே காரணம். முழுப் பொறுப்பேற்று விலகுகிறேன்.' கீழே அவன் கையெழுத்து.

எழுந்து போய் அவன் சட்டைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"என்ன இது?"

"யாருக்கும் நஷ்டமில்லாத வழி. விமானம் பறக்கும். விருது கிடைக்கும். நீங்க அழ வேண்டியதில்ல."

"நான் அழறதை நிறுத்தச் சொல்லி உங்ககிட்ட மனு போட்டேனா?"

"மெதுவாப் பேசுங்க..."

"ஒழுகாத குழாயை ஒழுகுதுன்னு எழுதியிருக்கீங்க! ரெண்டு நாளா எதிர்ல உக்காந்து கடைசிப் புள்ளி வரைக்கும் சண்டை போட்ட மனுஷன், மூணாம் நாள் இப்படி ஒரு பச்சைப் பொய்யை டைப் பண்ணிக் கொண்டு வர்றாரு! இனிமே வர்ற அத்தனை பேரும் உங்க நல்ல நம்பரைத் தூக்கிப் போட்டுட்டு என் கெட்ட நம்பரை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "எட்டு கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து இறங்கும்போதெல்லாம் கை நடுங்கினதில்லீங்க. நேத்து நீங்க கண்ணைத் துடைச்சப்போ நடுங்கிச்சு."

அவளிடம் கைவசம் நிறையத் திட்டு இருந்தது. எல்லாம் மறந்துபோயிற்று.

உள்ளே மணி அடித்தார்கள்.

டைரக்டர் எழுந்தார். குழுவில் மூன்று பேர், போதுமான கூட்டம். "பேரன்பு கொண்டோரே! பிழையை ஏற்கும் பெருந்தன்மை இளைஞர்களிடம் இருப்பது கண்டு நெஞ்சம் விம்முகிறது..."

"சார்." அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "அந்தத் தாள் பொய். குழாய்ல தப்பில்ல. தப்பு எங்களோடது. எட்டு மாசமா."

அவள் திரையில் அந்தப் பற்களைக் காட்டினாள். அறுபது மீட்டரைக் காட்டினாள். பாரோமீட்டரை மேலே இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் போட்ட புதுக் கணக்கைக் காட்டினாள். ஆயிரத்துக்கு ஏழு போய், ஆயிரத்துக்கு அரைகூட இல்லை. இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "பாரோமீட்டரை யார் கீழே வைத்தது?"

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. பத்து வயசில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போன கைதான் கண் முன் வந்தது. மெக்கானிக் அண்ணன் வாசலில் துண்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். மேடைக் குரல் இல்லை, வீட்டுக் குரல். டைரக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாக்க நல்லா இருக்கும்னு வெக்கச் சொன்னேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல. அந்தத் தம்பியோட தாளைக் கிழிச்சுப் போடுங்க." உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஆயுளிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

விருது தள்ளிவைக்கப்பட்டது. கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. குழுத் தலைவி கிளம்பும்போது, இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போன இரண்டு அளவீடுகளைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அதைக் கேட்டு மகிழும் நிலையில் அங்கே யாருமில்லை.

*

அவன் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தான். தூறல் மெல்லப் போட ஆரம்பித்திருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"பெரியப்பா பேசினாரா?" என்றான்.

"இல்ல. கார்ல முன்சீட்டுக் கதவை எனக்குத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருக்காரு. நான் கொஞ்ச நேரத்துல வர்றேன்னேன். காத்திருக்கேன்னாரு."

"பரவாயில்லையே."

"எனக்கு ஒரு சத்தியம் பண்ணுங்க. இனிமே எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

"எவ்வளவு சின்னப் பொய்யா இருந்தாலுமா?"

"ஆயிரத்துக்கு ஒண்ணுகூடக் கூடாது."

அவன் மழையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அந்தக் கண்கள் சுருங்கின... "அப்போ ஒரு உண்மை பாக்கி இருக்கு. நாளைக்கு விமானம் கிளம்புது. இங்க என் வேலை முடிஞ்சுது. அதுல எனக்கு சந்தோஷம்னு அறிக்கையில எழுதியிருக்கேன். அது..."

"பொய்."

"பொய்தான்."

"திருத்தி எழுதுங்க."

"என்னன்னு?"

இத்தனை அதிர்ச்சிகளைத் தாங்கியவள், தான் கொடுக்கப் போகும் அதிர்ச்சியைத் தாங்குவாளா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கடிதத்துல சண்டை போட்டப்பவே பிடிச்சிருக்கணும்... முகம் தெரியாததால புரியலை. இப்ப நல்லாப் புரியுது. நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தா விமானம் போயிடும்."

ஆகாயத்திலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கினாலும் தலை சுற்றாத அந்த மனிதன், தரையில் நின்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

கீழே கார் ஹாரன் ஒரு தரம், தயங்கித் தயங்கி அடித்தது.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றாள் அவள். "பெரியப்பா காத்திருக்காரு."

"நானும் கார்ல வரலாமா?" என்றான் அவன். "அவர்கிட்ட நேர்ல ஒரு விஷயம் கேக்கணும்... இன்னைக்கே."